மத்தியானம் வீட்டில் யார் இருக்கிறார்கள்

பந்தலூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வழிகளுக்குக் குறைவில்லை. கூடலூர் போய் நடுவட்டம் ஏறினால் ஊட்டி; அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2025 ஏப்ரலில் அதன் புதிய மருத்துவமனையும் திறந்தாயிற்று. ஊட்டியில் ஆகாதென்றால் மலை இறங்கிக் கோவை. மேற்கே சேரம்பாடியைத் தாண்டினால் வயநாடு. மேப்பாடியில் தனியார் மருத்துவக் கல்லூரி, பத்தேரியில் ஆஸ்பத்திரிகள், தாமரசேரிச் சுரம் இறங்கினால் கோழிக்கோடு. வடக்கே முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர், அதற்கப்பால் மனநல மருத்துவத்துக்குப் பெங்களூரு நிமான்ஸ். காட்டு விலங்குகளுக்காக 2009 முதல் பந்திப்பூர்ச் சாலையை இரவு ஒன்பது மணிக்கு அடைத்துக் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஆகவே நிமான்ஸ் ஓ.பி. சீட்டுக்கு முந்தின நாளே புறப்பட வேண்டும். கால் முறிந்தால் எந்தத் திசை, நெஞ்சு வலித்தால் எந்தத் திசை, பிரசவம் சிக்கலானால் எந்தத் திசை என்பதெல்லாம் இங்கே ஜீப் ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

பதினாறு வயதுப் பெண் சாப்பிட மறுக்கிறாள் என்றால் எந்தத் திசை?

அப்படி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர், அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். பாட்டி 1970களில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு காலையில் நேரமில்லை என்றாள். பிறகு எந்நேரமும் வயிறு உப்புசம் என்றாள். “சோறு இறங்க மாட்டேங்குதும்மா” என்பதுதான் அவள் சொல்லும் ஒரே விளக்கம். தான் குண்டாக இருப்பதாக அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் முதல் மருத்துவர் தவறவிடுகிறார். ஈட்டிங் டிஸார்டர், அதாவது உண்ணுதல் கோளாறு, என்றால் கண்ணாடி முன் நின்று தன் இடுப்பைப் பார்த்து அழும் பணக்காரப் பெண் என்று சினிமாவும் பத்திரிகையும் நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. ஆசியாவில் இது பல நேரம் அப்படி வருவதில்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல், சாப்பிட மறுத்து மெலியும் அனோரெக்ஸியா என்ற நோய் வந்த 70 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் 41 பேருக்கு உடல் பருத்துவிடும் என்ற பயமே இல்லை; வயிறு நிறைந்தே இருக்கிறது, பசிக்கவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியதும் ஏறத்தாழ இதே கதை. சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, எடைக் குறைவு, மாதவிடாய் நின்றுபோதல் எல்லாம் இருந்தன. மேற்கத்திய பாடநூல் சொன்ன உடல் பிம்பக் குழப்பம் மட்டும் இல்லை. சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வு இன்னும் நுணுக்கமானது. 31 பேருக்கு உணவோடு ஏதோ ஒரு அவஸ்தை இருந்தது. அது முழு நோயின் எல்லைக்கு வெகு கீழேதான் நின்றது. அதனால் ஆய்வாளர்கள் அதற்குத் தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. 2012இல் பெங்களூரில் 66 மனநல மருத்துவர்களைக் கேட்டபோது அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படி ஒரு நோயாளியையாவது பார்த்திருந்தார்கள். ஆக, நோய் இருக்கிறது. பெங்களூரில் பார்க்கத் தெரிந்த கண்கள் இருந்ததால் தெரிந்தது.

நம் பெண்ணின் அம்மா முதலில் பந்தலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை. அடுத்து பத்தேரியில் தனியார் டாக்டர். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. எடை குறைகிறதென்றால் காசநோயா, தைராய்டா, சர்க்கரையா என்று பார்ப்பதில் தவறே இல்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும். எல்லாம் நார்மல் என்று வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். “ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லைம்மா, நல்லா சாப்பிடச் சொல்லுங்க” என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். ஒன்றும் இல்லாததற்கு அடுத்த கட்டம் காத்துக் கருப்பு. தாயத்து, ஜெபக்கூட்டம், முஸ்லிம் தங்ஙளிடம் ஓதிக் கட்டுவது எல்லாம் மதம் பார்க்காமல் நடக்கும். பந்தலூரின் நல்ல குணங்களில் அதுவும் ஒன்று என்றே எனக்குத் தோன்றும், வேறு சந்தர்ப்பத்தில்.

நோன்புகளும் அப்படித்தான். சஷ்டி ஆறு நாள், தவக்காலம் நாற்பது நாள், பக்கத்து வீட்டு ரமலான். சாப்பிடாமல் இருக்க இந்த ஊரில் மூன்று மதங்களின் காலண்டரும் கைகொடுக்கும், அப்படி இருப்பவளுக்கு மரியாதையும் கிடைக்கும். விரதத்துக்கு முடியும் நாள் ஒன்று உண்டு, முடிக்கிற அன்று வீட்டில் சமையல் வாசம் தூக்கும். அந்த நாள் வந்தும் ஒருத்தி முடிக்காமல் அடுத்த விரதத்துக்கு நகர்கிறாள் என்றால் அதைக் கவனிக்க வேண்டியவர் பூசாரியோ பாதிரியாரோ அல்ல, வீட்டில் சோறு போடுகிறவர். அவரோ பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார்.

பசியைப் பற்றி இந்த மலைக்கு நிறையத் தெரியும். அதுவே இங்கே தடையாகவும் ஆகிவிட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல் இங்கே தேயிலை நட ஆரம்பித்தது. 1976இல் அது டான்டீ கழகமாயிற்று. ஒப்பந்தத்துக்கும் கப்பலுக்கும் நடுவே 1973–74 வந்தது. இலங்கைத் தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து ஜனங்கள் செத்த வருஷங்கள் அவை. அந்த வருஷங்களைக் கடந்து வந்த பாட்டியின் கண்முன் ஒரு பேத்தி தட்டை நகர்த்தி வைக்கிறாள். “நாங்க மரவள்ளிக் கெழங்கு கெடைக்காம கெடந்தோம்டி. ஒனக்குச் சோத்துக் கொழுப்பு” என்று பாட்டி சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பசி என்றால் இல்லாமை என்று உடம்பால் கற்ற ஒருவருக்கு, சோறு இருக்கும்போதே பட்டினி கிடப்பது நோயாகத் தெரிய வழியே இல்லை. அது அவமதிப்பாகத்தான் தெரியும்.

பந்தலூரில் வீட்டுச் சுவரை இடித்து அரிசி தின்ற ஒரு மக்னா யானைக்கு ‘அரிசி ராஜா’ என்று பெயர் வைத்தார்கள். 2022 டிசம்பரில் அதைப் பிடித்து முதுமலையில் விட்டார்கள். சில வாரங்களில் அது வயநாட்டுக்குப் போய் பத்தேரி டவுனிலேயே நடந்தது. அங்கே மறுபடி பிடித்து முத்தங்காவில் கும்கியாக்கினார்கள். யானையின் பசிக்குப் பெயர், கோப்பு எண், வனத்துறைக் குழு, மயக்க ஊசி எல்லாம் உண்டு. சுவரை இடிக்கும் பசியைத்தான் நிர்வாகத்தால் பார்க்க முடிகிறது என்று இதை நான் ஒரு புகாராகச் சொல்லவில்லை. இடிக்காத ஒன்றைப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பயிற்சி வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கூடலூரில் 1990இல் அஷ்வினி அமைப்பு ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களிலிருந்தே ஆட்களை எடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். மூட்டு வலி, ரத்தசோகை, காரணம் தெரியாத சாவு என்று சிதறிக் கிடந்த பல விஷயங்கள் சிக்கிள் செல் என்ற ஒரே நோயின் வேலை என்று இந்த ஊர்களுக்குள் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். நோய் புதிதல்ல, தலைமுறை தலைமுறையாக இருந்ததுதான். தேடத் தெரிந்த ஒருவர் ஊருக்குள் நடந்துபோக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு கண்ணும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவருக்கு எந்தப் பிள்ளை எவ்வளவு வாங்குகிறது, எது முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றைக் கொட்டுகிறது என்பது தெரியும். அவரை மிஞ்சி ஒரு பிள்ளையின் சாப்பாட்டைத் தினமும் பார்ப்பவர் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. அனோரெக்ஸியா பெரும்பாலும் தலைகாட்டுவது பதினைந்து, பதினாறு, பதினேழில். பார்க்கிற கண் விலகும் வயதும் நோய் வரும் வயதும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது யாரும் திட்டமிட்டதல்ல என்பதே எனக்கு எரிச்சலைத் தருகிறது.

நோயின் மறுமுனை, அதாவது அடங்காத தீனி, நம் இலக்கியத்தில் கௌரவமாகவே பதிவாகியிருக்கிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை என்ன தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசியோடு புகார் நகரத் தெருக்களில் அலைகிறாள். முனிவரின் நாவல் பழத்தைக் காலால் சிதைத்ததற்குப் பன்னிரண்டு ஆண்டுச் சாபம். சாத்தனார் அவளைத் தின்னிப்பண்டாரம் என்று எங்கும் கேலி செய்யவில்லை. அவள் நோயாளி, அவளுக்குத் தேவை மருந்து. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி விழுந்ததும் தீ அணைகிறது. காப்பியத்தில் அதற்குப் பிறகு நடப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: குணமாகி வானில் ஊர் திரும்பும் வழியில், விந்தியமலையைக் காக்கும் தெய்வம் அவளை நிழலோடு பிடித்து இழுத்துத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிறது. உண்ணுதல் கோளாறில் எடை தேறி வீடு திரும்பிய பின் வரும் முதல் வருஷம் எவ்வளவு ஆபத்தானது என்று மருத்துவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த விந்தியமலைதான் நினைவுக்கு வரும்.

சரி, நம் பெண்ணுக்கு இது மனம் சார்ந்த நோய் என்று எப்படியோ யாருக்கோ தோன்றிவிட்டது. பள்ளி டீச்சருக்கு என்று வைத்துக்கொள்வோம். இனி யாரைத் தேடுவது?

‘கவுன்சிலர்’ என்று போர்டு வைக்க நம் நாட்டில் யார் அனுமதியும் தேவைப்பட்டதில்லை. மூன்று மாத டிப்ளமோக்காரரும் வைத்துக்கொள்ளலாம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் வைத்துக்கொள்ளலாம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், அது 1992 சட்டம். அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, சாப்பாட்டுப் பிரச்சினையோடு வந்தவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா, எடையையும் நாடித்துடிப்பையும் யார் கவனிப்பார்கள், உங்களோடு சேர்ந்து ஒரு மருத்துவர் இருப்பாரா, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா என்பதை. இவற்றுக்குச் சலித்துக்கொள்ளும் ஆளிடம் போக வேண்டாம். முதல் நாளே “அம்மா ரொம்பக் கண்டிப்போ?” என்று குற்றவாளியைத் தேடும் ஆளிடமும் போக வேண்டாம்.

எடையும் நாடியும் ஏன்? பட்டினி கிடக்கும் மூளையோடு பேசிப் பயனில்லை என்பதால். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டு ஆன்செல் கீஸ் ஆராய்ந்தார். சில மாதங்களில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், ஒரு தட்டைக் காலி செய்ய மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், எரிந்து விழுந்தார்கள், யாரோடும் பேசாமல் ஒதுங்கினார்கள். நம் பெண்ணிடம் நாம் “குணம் மாறிப்போச்சு” என்று சொல்வதில் பாதி இதுதான். முதல் மருந்து சோறு, பேச்சு அதற்குப் பின்னால். ஆனால் வெகுநாள் வெறும் வயிற்றில் ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர் பக்கத்தில் வேண்டும். மயங்கி விழுகிறாள், பகலில் நாடி 50க்குக் கீழே போகிறது, வாந்தியால் பொட்டாசியம் குறைந்துவிட்டது என்றால் தெரபிஸ்டைத் தேடும் வேலையை நிறுத்திவிட்டு எந்தத் திசையில் முதல் பஸ் வருகிறதோ அதில் ஏற வேண்டும்.

தொலைபேசி ஒன்று உண்டு: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும், தமிழில். உண்ணுதல் கோளாறுக்கான முழு சிகிச்சையை அதில் எதிர்பார்க்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவில் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியையாவது வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு வரி இல்லாமல்தான் குடும்பங்கள் வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை வாங்குகின்றன. வீடியோவில் சிகிச்சை என்பதும் 2020க்குப் பிறகு சட்டப்படி வழக்கமாகிவிட்டது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு நல்ல சைக்காலஜிஸ்ட் பந்தலூருக்குள் வர இனி மலை ஏற வேண்டியதில்லை. ஆனால் லைன் வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது? இரண்டு அறை, நடுவில் மேல்கூரைவரை எட்டாத சுவர், அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம். சிக்னல் தேடி வெளியே தேயிலைச் சரிவில் போய் நின்றால் மாலை ஆறு மணிக்கு மேல் யானை பயம். ஸ்கூலில் ஒரு அறையை வாரம் ஒரு மணி நேரம் கொடுக்க ஒரு தலைமையாசிரியருக்கு மனம் வந்தால் போதும். இதற்கு அரசாணை எல்லாம் வேண்டியதில்லை.

சிகிச்சை என்று போனால், பதின்வயதினருக்கு இன்று பலமான ஆதாரம் உள்ளது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வழி முறைக்கு. இதற்கு நேர் எதிரான கருத்து நூறு வருஷம் கோலோச்சியது. அனோரெக்ஸியா நெர்வோசா என்று நோய்க்குப் பெயரிட்ட வில்லியம் கல், 1870களிலேயே, இந்த நோயாளிகளைக் கவனிக்க உறவினர்கள்தான் மிக மோசமான ஆட்கள் என்று எழுதிவிட்டார். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்றாயிற்று. 1987இல் மாட்ஸ்லியிலிருந்து வெளிவந்த ஒரு ஆய்வு, பதினெட்டு வயதுக்குள் தொடங்கி மூன்று வருஷம் முற்றாத நோயில் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது என்று காட்டியது. அந்த முறையில் யார்மீதும் பழி இல்லை. என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்; தேறத் தேறப் பிள்ளையிடமே திருப்பித் தருகிறார்கள். இரண்டாவது சந்திப்புக்குக் குடும்பத்தைச் சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். தெரபிஸ்ட் முன்னால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போவது நம் ஜனங்களுக்கு ஒன்றும் விநோதமாகத் தெரியாது. பெரியவர்களுக்கு ஆக்ஸ்போர்டில் பேர்பர்ன் உருவாக்கிய வேறொரு முறை இருக்கிறது, இருபது வாரம். அது இங்கே நம் பேச்சு இல்லை.

பிரச்சினை அந்த முறை மனதில் வைத்திருக்கும் வீடு. தினம் மூன்று வேளையும் ஒரு பெரியவர் எதிரே உட்கார வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். லண்டனில் ஒரு தாய் அலுவலகத்தில் லீவு சொல்லலாம். இங்கே அம்மா காலை ஏழரைக்குள் மலையில் நிற்க வேண்டும். நின்றால்தான் பேர், பேர் இருந்தால்தான் கூலி. தொழிலாளிக்கே காய்ச்சல் என்றால் சட்டத்தில் படி உண்டு. பிள்ளை தட்டுக்கு எதிரே உட்கார்ந்ததற்கு எந்தச் சட்டத்திலும் படி எழுதவில்லை. சிகிச்சை நூல்களின் உணவுப் பட்டியலில் டோஸ்ட்டும் சீஸும் இருக்கும். அதை ரேஷன் அரிசிக்கும் ரொட்டி சம்பலுக்கும் மாற்றுவது பெரிய காரியமில்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு ஆளை வீட்டில் உட்கார வைப்பதுதான் பெரிய காரியம்.

லைன் வீட்டில் அந்நேரம் இருப்பவர் பாட்டி மட்டும்.

“சோத்துக் கொழுப்பு” என்று சொன்ன அதே பாட்டி. அதனால்தான் தெரபிஸ்ட் யாராக இருந்தாலும் அவருடைய முதல் நல்ல வேலை பேத்தியோடு அல்ல, பாட்டியோடு என்று நினைக்கிறேன். எழுபத்துநாலில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று அவரிடம் முதலில் கேட்க வேண்டும், அவசரப்படாமல் கேட்க வேண்டும். பட்டினியில் மனுஷர் குணம் எப்படி மாறியது, சோற்றைப் பார்த்ததும் சிலருக்கு ஏன் வாந்தி வந்தது, முதலில் கஞ்சித் தண்ணீராகக் கொடுத்து எப்படித் தேற்றினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மினசோட்டாவைப் படிக்காமலே தெரிந்திருக்கும். பிறகு, இவளுக்கு வந்திருப்பதும் அதே பட்டினிதான், சோறு இருக்கும்போதே உள்ளே பூட்டு விழுந்துவிட்டது என்று அவருக்குச் சொல்ல முடியும். இந்த வாக்கியத்தைச் சொல்லத் தமிழ் சரளமாக வரும் ஆள் வேண்டும், அதுவும் மலைத்தோட்டத் தமிழ் காதில் விழுந்தால் புரிந்துகொள்ளும் ஆள். கோழிக்கோட்டில் கிடைக்கும் திறமையான சைக்காலஜிஸ்டிடம் பேத்தி மலையாளத்தில் சமாளித்துவிடுவாள். பாட்டிக்கு அது நடக்காது.

அதற்கப்புறம் சொல்லித்தர வேண்டியவை சின்னச் சின்னக் காரியங்கள். உடம்பு தேறிட்டே, மெலிஞ்சிட்டே என்று எதுவும் சொல்ல வேண்டாம். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரோ அது இருக்கட்டும்; கூடவும் வேண்டாம், பேரமும் வேண்டாம். அவள் அழுதாலும் கத்தினாலும் பாட்டி எழுந்து போக வேண்டாம். தானும் அதே சோற்றை அவளோடு சாப்பிட வேண்டும். முடிந்ததும் டிவி போடலாம், பல்லாங்குழி ஆடலாம், ஆனால் அரை மணிக்கு அவளைத் தனியாகப் பின்பக்கம் விட வேண்டாம். சனிக்கிழமை அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடை பார்ப்பார், நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதித் தருவார். அந்தச் சீட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் சைக்காலஜிஸ்டுக்கு அனுப்ப வேண்டியது டீச்சர்.